மெழுகு தடவிய கிடா

ஜமுனாமரத்தூர் வழி,
வட ஆற்காடு மாவட்டம்.
25-10-1981

அன்புள்ள தம்பி கோபாலுக்கு,

அக்கா கெங்கம்மாள் எழுதிக்கொள்வது. நானும் சின்னம்மாவும் மாடு கன்றுகளும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து, சுகமாக இருக்கக் காளியம்மன் துணை இருப்பாள். இருப்பாள் என்றுதான் எழுதுகிறேன். அவள் இப்போது என்மேல் என்ன நினைப்பில் இருக்கிறாள் என்பதுதான் தெரியவில்லை.

சாமைக் கதிர் சாய்ந்துவிட்டது, அறுக்க மழை விடமாட்டேன் என்கிறது. பால்வாடிக் கூரை ஒழுகுகிறது. பிள்ளைகளை ஒழுகாத மூலையில் நெருக்கி உட்காரவைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். போளூரிலிருந்து மேற்பார்வைக்கு வந்த அம்மாள் அண்ணாந்து பார்த்துவிட்டு, மனு எழுதிப் போடச் சொல்லி, கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்.

உன் தம்பி மெட்ராசில் என்ன வேலை செய்கிறான் என்று பூசாரி சடையன் மாமா கேட்டார். தண்ணீர்ச் சொட்டு எந்தெந்த இடத்தில் எப்படியெப்படிக் காய்கிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்க்கிறான் என்றேன். “அதுக்கு எதுக்கு மெட்ராஸ் போவணும், இங்க காயாதா?” என்றார். மெஷினுக்குள் தண்ணீரே கிடையாது, ஓட்டை போட்ட அட்டைகளும் நம்பரும்தான் என்று நீ எழுதியிருந்ததைச் சொன்னேன். தண்ணீர் இல்லாமல் தண்ணீர் எப்படிக் காயும் என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனாலும் அக்காக்காரி ஆயிற்றே, எல்லாம் தெரிந்தவள் போலத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

சரி, சுற்றி வளைப்பானேன். கோபால், என் கல்யாணம் நின்றுபோய்விட்டது.

என்னைக் கட்டிய லட்சுமணன் காய்ச்சலில் போன பிறகு இன்னொருவரை நினைப்பேன் என்று நானே நினைக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்து வேடியப்பன் வந்து கேட்டபோது நீதான், “நம்ம மலையில யாரு தப்புன்னு சொல்லப் போறாங்க, கட்டிக்கக்கா” என்று எழுதினாய். நானும் சரி என்றேன். ஆத்தாளைக் கேட்கும் நாளுக்கு நீ வருவாய் என்று பார்த்தேன். கம்ப்யூட்டரில் உனக்கு முறை வந்திருக்கிறது, இதை விட்டால் தை மாதம்தான் என்று எழுதிவிட்டாய். போகட்டும்.

நம் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. பெண் கட்டுகிறவன் தன் வீட்டுக் கிடாவைக் கோயிலுக்குக் கொண்டுவர வேண்டும். அதன் முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளித்து ஆத்தாளைக் கேட்பார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்து உதறினால் சம்மதம். மூன்று தடவை தெளித்தும் உதறாவிட்டால் சம்மதம் இல்லை.

மூன்று தடவையும் தெளித்தாயிற்று. கடைசியில் சடையன் மாமா சொம்பையே கவிழ்த்தார். கிடா அசையவில்லை. யாரோ போட்ட வாழைப்பழத் தோலை நிம்மதியாக மென்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. ஓர் ஆட்டின் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததே இல்லை.

வேடியப்பன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தபடியே போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய மாமன் இருக்கிறாரே, மனசில் ஏற்கெனவே வைத்திருந்ததுபோல, “அமிர்தி பக்கம் ஒரு பொண்ணு கீது. தை பொறந்தா முடிச்சுடலாம்” என்று கோயில் வாசலிலேயே சொல்கிறார். எனக்குக் காது இல்லை என்று நினைத்தாரோ என்னவோ. வீட்டுக்கு வந்து அழுதேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

இப்போது நான் குழம்பிப்போய் இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். சம்மதம் கிடைக்காத கிடாவை அன்றைக்கே திருப்பி ஓட்டக்கூடாது அல்லவா. நம் வீட்டில்தான் கட்டியிருந்தது. காலையில் பலா இலை போடப் போனேன். கோபத்தில் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். கை பிசுபிசு என்று ஒட்டியது. மோந்து பார்த்தால் தேனடை வாசம். முடியெல்லாம் தேன்மெழுகு. கூரையிலிருந்து சொட்டிய மழைத் தண்ணீர் அதன் முதுகில் விழுந்து உருண்டை உருண்டையாக ஓடிக் கீழே கொட்டிக்கொண்டிருந்தது. தோலில் ஒரு சொட்டு இறங்கவில்லை.

உடனே உன் கடிதம் ஞாபகம் வந்தது. சில இடத்தில் சொட்டுப் பரவி ஒட்டிக்கொள்ளும், மெழுகு போன்ற இடத்தில் ஒட்டாமல் குண்டாக உட்கார்ந்திருக்கும் என்று எழுதியிருந்தாயே. நம் வெள்ளாட்டின் மேல் ஒரு கை தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். சடசடவென்று உதறி என் புடவையை நனைத்துவிட்டது. கிடாவின் மேல் ஊற்றினேன். அது பாட்டுக்கு இலையைத் தின்கிறது.

மெழுகு தடவியது யார், எதற்கு, ஒன்றும் தெரியவில்லை. யாராவது வேண்டுமென்றே கெடுத்தார்களா? சின்னம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நீ ஒரு காரியம் செய். இந்தக் கிடாவை உன் மெஷினில் போட்டுப் பார். அது சிலிர்க்காததற்கு மெழுகு காரணமா, ஆத்தா காரணமா என்று தெளிவாக எழுது. அமிர்திப் பெண்ணைப் பேசி முடிப்பதற்குள் எழுது.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அக்கா கெங்கம்மாள்

---

ஜமுனாமரத்தூர் வழி,
15-11-1981

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் சுருட்டி அனுப்பிய நீளக் காகிதமும் வந்து சேர்ந்தன. தபால்காரர் காலண்டர் என்று நினைத்து எனக்கொன்று கொடுங்கள் என்றார். பிரித்தால் ஓரமெல்லாம் ஓட்டை, நடுவிலே நட்சத்திரக் குறியாலேயே இரண்டு படம். பால்வாடிப் பிள்ளைகளிடம் காட்டினேன். ஒன்றை இட்லி என்றார்கள், இன்னொன்றைத் தோசை என்றார்கள். நீ நான்கு பக்கம் எழுதியும் விளங்காதது அதில்தான் கொஞ்சம் விளங்கியது. மெழுகு மேல் சொட்டு இட்லி. வெறும் முடி மேல் தோசை. தோசை அகலமாக ஒட்டிக்கொண்டு, ஓரம் நகராமல், மெலிந்து மெலிந்து சீக்கிரம் காயும். காயும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், அதனால் ஆட்டுக்குக் குளிரும். இட்லி காய நேரம் ஆகும், அதற்குள் உருண்டும் போய்விடும், ஆட்டுக்கு ஒன்றும் தெரியாது. சரிதானே?

ஆனால் நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. ஆத்தாளைக் கேட்டால் உண்டு, இல்லை என்று ஒரே பேச்சு. உன்னைக் கேட்டால் நீ என்னைத் திருப்பிக் கேட்கிறாய். முடி எவ்வளவு நீளம், மெழுகை முதுகு முழுக்கத் தடவியிருந்தார்களா, திட்டுத்திட்டாகவா, அன்றைக்குக் காற்று அடித்ததா. கடைசியில், கிடா சிலிர்க்காமல் இருக்க மெழுகே போதும், சம்மதம் இல்லை என்று ஆத்தா சொன்னாளா என்பதைக் கேட்க இந்தக் கணக்கில் இடமில்லை என்று முடித்துவிட்டாய். அந்த இடத்தைத்தானே நான் கேட்டேன்!

நீ கேட்டதற்காக வேடியப்பனைச் சந்தையில் பார்த்துக் கேட்டேன். என்னைக் கண்டதும் புளி மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நானும் விடவில்லை. கிடாவுக்கு யார் மெழுகு தடவினது என்றேன். கொஞ்சம்கூட யோசிக்காமல், “நான்தான். இன்னா இப்போ?” என்றார்.

எதற்கு என்று கேட்டால், அவர் சொன்ன காரணத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மலையைத் தாண்டி வரும் வழியெல்லாம் மழை. கிடா வழியிலேயே மழையில் நனைந்து சிலிர்த்துக்கொண்டால், கேட்கும் முன்னே சிலிர்த்த கிடா செல்லாது என்று ஊரார் தள்ளிவிடுவார்கள். அது நடக்கக்கூடாது என்று தான் தேன் எடுத்த அடையின் மெழுகை உருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து, ஒரு திட்டு விடாமல் தடவிக் கூட்டிவந்தாராம். கோயிலில் தெளிக்கிற தண்ணீரும் மழைத் தண்ணீர் மாதிரியே உருண்டு போய்விடும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

நீ எழுதியதையெல்லாம் இட்லி, தோசை என்று சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “மெழுகு தடவுற புத்திய எனக்குக் குடுத்ததும் அவதானே கெங்கு? வேணாம்னு நெனைச்சுதான அப்படிக் குடுத்தா?” என்றார். தண்ணீர் பட்டால் எந்த ஆடும் உதறும், மெழுகு இல்லாமல் இருந்தால் இதுவும் உதறியிருக்கும் என்றேன். “அப்போ எந்த ஆடும் ஒதறும்னா, நாம ஆத்தாள எதுக்குக் கேக்கறோம்?” என்றார். கோபால், நான் அவரைச் சமாதானம் செய்யப் போனவள். அவர் கேட்ட கேள்வியைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தேன்.

அன்றிலிருந்து லட்சுமணனின் நினைவுதான். அவருக்கும் எனக்கும் கேட்டபோது கிடா எப்படி உதறியது என்று நீயே பார்த்தாய். முதல் தெளிப்பிலேயே உதறி, சடையன் மாமா கண்ணுக்குள் தண்ணீர் அடித்து, ஊரே கைதட்டியது. இப்படி ஒரு சம்மதம் பார்த்ததில்லை என்றார்கள். இரண்டு வருஷம்கூட அவர் இருக்கவில்லை. அப்போது நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது கேட்கத் தோன்றுகிறது, யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

சும்மா இருக்க என்னால் முடியவில்லை. சடையன் மாமாவிடம் போய் மெழுகைச் சொல்லிவிட்டேன். அவர் ஊரைக் கூட்டினார். ஒரு பகல் முழுக்க அதே பேச்சு. ஆத்தா நினைத்தால் கல்லையே சிலிர்க்க வைப்பாள், மெழுகு எம்மாத்திரம் என்றார்கள் சிலர். சாமி கிடாவுக்கு மெழுகு தடவியதே குற்றம் என்றார்கள் சிலர். மறுபடி கேட்டால் என்ன என்று நான் மெதுவாகச் சொன்னேன். ஆத்தாளை இரண்டாவது தரம் கேட்பதா என்று எல்லோரும் என்னை முறைத்தார்கள்.

அப்போதுதான் உன் பெயரை எடுத்தேன், கோபித்துக்கொள்ளாதே. ஓர் அட்டை மாறிப் போனதால் மெஷின் தப்பாகச் சொல்லிவிட்டது, சரியாக அடுக்கி மறுபடி கொடுத்தேன் என்று எழுதியிருந்தாய் அல்லவா. மெட்ராசில் அவ்வளவு பெரிய மெஷினையே தப்பாகக் கேட்டால் திரும்பக் கேட்கிறார்கள், நாமும் தப்பாகத்தானே கேட்டோம் என்றேன். சடையன் மாமா, “அப்போ திரும்பக் கேக்கலாமான்னு ஆத்தாளையே கேட்டுடுவோம்” என்றார். ஊர் ஒப்புக்கொண்டது.

அம்மன் கல்லின் இரண்டு தோளிலும் அரளிப் பூவைத் தண்ணீர் தொட்டு ஒட்டினார்கள். வலது பக்கப் பூ முதலில் விழுந்தால் கேட்கலாம். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். நான் மட்டும் கல்லைப் பார்க்கிறேன். வலது தோள் பக்கம்தான் விளக்கு. வருஷக்கணக்காக எண்ணெய் தெறித்து அந்தப் பக்கம் பளபளவென்று இருக்கிறது. இடது பக்கம் வெறும் கல். எண்ணெய்ப் பக்கம் தண்ணீர் எப்படிப் பிடித்து நிற்கும்? நினைத்த மாதிரியே வலது பூதான் விழுந்தது. குலவை போட்டார்கள். நானும் போட்டேன். வாய் குலவை போடுகிறது, மனசு இட்லி தோசை என்கிறது. என்ன பெண்பிள்ளை நான்!

நீ என்னைக் கெடுத்துவிட்டாய் என்று ஒரு சமயம் தோன்றுகிறது. நீ மட்டும் அந்தக் கடிதம் எழுதாவிட்டால் என் கல்யாணம் போனது போனதுதான் என்றும் தோன்றுகிறது. எதையும் முடிவாகச் சொல்ல முடியவில்லை. வேறு கிடாவோடு வருகிற வாரம் கேட்கிறார்கள். மெழுகு கூடாது என்று ஆள் அனுப்பி வேடியப்பனுக்குச் சொல்லியாயிற்று.

குளிர் நாளில் அந்த மெஷின் அறையில் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு உட்காராதே. உள்ளே எப்போதும் குளிராக வைத்திருப்பார்கள் என்று எழுதியிருந்தாய். சின்னம்மா கம்பளி அனுப்பச் சொல்கிறாள்.

அன்புடன்,
அக்கா கெங்கம்மாள்

---

ஜமுனாமரத்தூர் வழி,
10-12-1981

அன்புள்ள தம்பி கோபாலுக்கு,

ஆத்தா சம்மதம் சொல்லிவிட்டாள். தை மாதம் கல்யாணம். முதலில் இதை எழுதிவிட்டேன், நீ நடுவில் தேட வேண்டாம். மற்றதையும் எழுதுகிறேன், யாரிடமும் சொல்லாதே.

அன்றைக்கும் மழை. விடிந்ததிலிருந்து ஊற்றியது. கோயிலில் எல்லோரும் கூடியாயிற்று, வேடியப்பனைக் காணோம். அவருடைய மாமன் மட்டும் முன்னால் வந்து, வரமாட்டான் போலிருக்கிறது என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அமிர்திப் பெண்ணின் அப்பாவும் கூட வந்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. நான் புடவைத் தலைப்பைத் திருகித் திருகி அதன் கரையே பிரிந்துவிட்டது.

கடைசியில் வந்தார். கிடாவை ஓட்டி வரவில்லை, தூக்கிக்கொண்டு வந்தார். மெழுகு தடவக்கூடாது, கிடாவும் நனையக்கூடாது, என்ன செய்வார்? தன் கம்பளியைக் கிடாவுக்குச் சுற்றி, அதன் மேல் கோணியைப் போர்த்தி, தோளில் போட்டுக்கொண்டு மலையைத் தாண்டி நடந்து வந்திருக்கிறார். அவர் மேல் ஒரு துண்டுகூடக் கிடையாது. இறக்கிவிட்டபோது கிடா காய்ந்த சருகு மாதிரி இருந்தது. அவர் உச்சந்தலையிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தார்.

பெரியவர்கள் சும்மா விடவில்லை. ஒவ்வொருவராகக் கிடாவின் முதுகைத் தடவிக் கையை மோந்து பார்த்தார்கள். ஊர்க்கவுண்டர் இரண்டு தரம் மோந்து பார்த்தார். சடையன் மாமா மோந்து பார்த்துவிட்டு, “ஆட்டு வாசனதான்” என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு சொம்பை எடுத்தார்.

இனி எழுதப்போவதுதான் எனக்கே புரியாதது. நான் கிடாவைப் பார்க்கவில்லை கோபால். இவ்வளவு நாள் அந்த ஒரு சிலிர்ப்புக்காகத் தூங்காமல் கிடந்தவள், நேரம் வந்தபோது பார்க்கவில்லை. வேடியப்பன் கல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு நீலம் பாய்ந்து, பல் கிடுகிடுவென்று அடித்து, கையெல்லாம் நடுங்கியது. அப்படி நடுங்கிக்கொண்டும் கண்ணைக் கிடாவின் மேலிருந்து எடுக்கவில்லை. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஊரே கத்தியது, பம்பை அடித்தார்கள், சின்னம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எப்போது சிலிர்த்தது என்று கேட்டேன். முதல் தெளிப்பில் என்கிறாள் சின்னம்மா. இல்லை, இரண்டாவதில் என்கிறார் கவுண்டர். சடையன் மாமா, தண்ணீர் படுவதற்கு முன்னாலேயே சிலிர்த்தது, தன் கண்ணால் பார்த்ததாக அடித்துச் சொல்கிறார். அப்படியென்றால் கேட்கும் முன்னே சிலிர்த்த கணக்காகாதா என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். வேடியப்பனைக் கேட்டால், கண்ணில் தண்ணீராக இருந்தது, ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்கிறார். மழைத் தண்ணீரா என்று நான் கேட்கவில்லை.

அவர் நடுங்குவதைப் பார்த்துப் பொறுக்காமல், இத்தனை பேர் நடுவில் என் முந்தானையால் அவர் தலையைத் துவட்டிவிட்டேன். சின்னம்மா இடுப்பில் கிள்ளினாள். கிள்ளட்டும். அன்றைக்குச் செய்ததில் எனக்குக் குழப்பம் இல்லாத காரியம் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அவருக்கு நான்கு நாள் காய்ச்சல். காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உயிரே போய்விட்டது. பால்வாடியைப் பூட்டிவிட்டு அவர் வீட்டுக்கே போய்க் கஞ்சி வைத்துக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் இது என்ன வழக்கம் என்று அவருடைய மாமன் முணுமுணுத்தார். கேட்டுக்கொண்டேன். காய்ச்சல் விட்டுவிட்டது, இப்போது நன்றாக நடமாடுகிறார், சாமை அறுப்புக்கும் போகிறார். தேன் காலம் வந்தால் இடுப்பில் கொடியைக் கட்டிக்கொண்டு அடை எடுக்கப் பாறையில் இறங்குவேன் என்று இப்போதே பேசுகிறார். வேண்டாம் என்றால் சிரிக்கிறார்.

ஆத்தா சம்மதம் தந்தாள் என்று ஊர் முழுக்கச் சொல்கிறார்கள். தண்ணீர் பட்டால் ஆடு உதறும் என்று நீ சொல்கிறாய். நான் இரண்டையும் நம்புகிறேனா, இரண்டையும் நம்பவில்லையா என்று எனக்கே தெரியவில்லை. தெரியாமலே தாலி கட்டிக்கொள்ளப் போகிறேன். அதில் ஒன்றும் பயம் இல்லை. பயம் வேறு.

தை மாதம் உனக்குக் கம்ப்யூட்டரில் முறை வந்தாலும் சரி, மெஷினே உன்னை வா என்று கூப்பிட்டாலும் சரி, இந்தத் தடவை நீ வந்துதான் ஆக வேண்டும். அப்பா அம்மா இல்லாத எனக்கு நீதான் பெண் வீடு. போளூருக்கு ரயிலில் வந்தால் பஸ் நிறுத்தத்துக்கு அவரை அனுப்புகிறேன். மெழுகையும் எண்ணெய்க் கல்லையும் பற்றி இங்கே யாரிடமும் வாய் திறக்காதே. என்னிடமும் விளக்கம் சொல்ல வேண்டாம், கேட்டுக் கேட்டுத் தலை கனத்துவிட்டது. வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அவரு ரொம்ப நாள் இருப்பாருக்கா” என்று ஒரே ஒரு வார்த்தை சொல். கணக்குப் போட்டுப் பார்க்காமல் சொல் கோபால். நான் நம்பிக்கொள்கிறேன்.

நீ நூறு வயசு இருக்க வேண்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அக்கா கெங்கம்மாள்